பூல் அளவை 100 ஆக்கியும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை: ஸ்பிரிங் பூட்

3 ஜூன் 2025, காலை 10:12 · கேள்வி

ஸ்பிரிங் பூட் 3.4, ஜாவா 21, டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். ஆர்டர் எடுக்கும் ஆப், மூன்று இன்ஸ்டன்ஸ் (ஒரே ஆப்பின் மூன்று பிரதி). பகலில் நன்றாக ஓடுகிறது. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் ஏறினால் அரை மணி நேரத்தில் எல்லா ஸ்கிரீனும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. லாகில் "கனெக்‌ஷன் இஸ் நாட் அவைலபிள், ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000எம்எஸ்" என்று வருகிறது. பக்கத்திலேயே டோட்டல் 10, ஆக்டிவ் 10, ஐடில் 0, வெயிட்டிங் 43. பூலை, அதாவது முன்கூட்டியே திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களின் தொகுப்பை, 100 ஆக்கினேன். இப்போது போஸ்ட்கிரஸே "டூ மெனி கிளையன்ட்ஸ்" என்று வெளியே தள்ளுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரி. டேட்டாபேஸ் சிபியு 6 சதவீதம்தான். ஸ்பிரிங் பூட்டோடு இயல்பாக வரும் ஹிக்காரி பூலில்தான் கசிவு (வாங்கிய கனெக்‌ஷன் திரும்பாமலே போவது) இருக்கிறது என்பது என் முடிவு. டாம்கேட் பூலுக்கு மாறிவிடலாமா?

3 ஜூன், காலை 10:50 · குறிப்பு

மாற வேண்டாம். எந்தப் பூல் வைத்தாலும் இதேதான் நடக்கும்.

முதலில் 100ஐ மறுபடி 10 ஆக்குங்கள். போஸ்ட்கிரஸின் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் யாரும் மாற்றாவிட்டால் 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. நீங்கள் மூன்று இன்ஸ்டன்ஸில் 300 கேட்கிறீர்கள். கூட்டம் வந்தால்தான் 300க்குப் போகும் என்றும் நினைக்க வேண்டாம். ஹிக்காரியில் மினிமம்-ஐடில் தனியாகச் சொல்லாவிட்டால் அதுவும் மேக்சிமம் அளவையே எடுத்துக்கொள்ளும். ஆப் எழுந்ததுமே 100ஐயும் திறக்கப் பார்க்கும்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: சிபியு 6 சதவீதம். பத்துக் கனெக்‌ஷனும் 'ஆக்டிவ்' என்று ஹிக்காரி சொல்கிறது, டேட்டாபேஸோ சும்மா இருக்கிறது. ஹிக்காரியின் 'ஆக்டிவ்' என்பதற்கு 'உங்கள் கோடு வாங்கிக்கொண்டு போயிருக்கிறது' என்று மட்டுமே பொருள். குவெரி ஓடுகிறது என்று பொருள் இல்லை. யாரோ கனெக்‌ஷனைக் கையில் பிடித்தபடி வேறு வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். அது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

3 ஜூன், காலை 11:05 · குறிப்பு

கண்டுபிடிக்க இரண்டு இடம். இரண்டையும் ஒரே நேரத்தில், ஆப் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்த பிறகு எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஒன்று, ஒவ்வொரு கனெக்‌ஷனும் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று காட்டும் போஸ்ட்கிரஸ் வியூ, பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி. ஸ்டேட் பத்தியை குரூப் செய்து எண்ணுங்கள். 'ஆக்டிவ்' அதிகம் என்றால் குவெரியே மெதுவு. இண்டெக்ஸ், லாக் பக்கம் போங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' அதிகம் என்றால் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு ஜாவா கோடு வேறெங்கோ நிற்கிறது. அந்த வரிசைகளின் குவெரி பத்தியில் கடைசியாக ஓடிய எஸ்கியூஎல் இருக்கும். அதற்கு அடுத்த ஜாவா வரிதான் குற்றவாளி, பெரும்பாலும். வெறும் 'ஐடில்' என்று காட்டி, ஹிக்காரி மட்டும் 'ஆக்டிவ்' என்றால் கமிட் ஆன பிறகும் கனெக்‌ஷன் திரும்பி வரவில்லை. இந்த மூன்றாவது வகையைத்தான் பலர் கசிவு என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்று இன்ஸ்டன்ஸும் அந்த வியூவில் கலந்து தெரியும். ஜேடிபிசி யூஆர்எல்லின் கடைசியில் அப்ளிகேஷன்நேம் என்ற பாராமீட்டரில் இன்ஸ்டன்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டால் பிரித்துப் பார்க்கலாம்.

இரண்டு, த்ரெட் டம்ப்: ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல். ஜேசிஎம்டி, ப்ராசஸ் எண், த்ரெட்.பிரிண்ட். ஒன்று போதாது; ஐந்து விநாடி இடைவெளியில் மூன்று. மூன்றிலும் அதே இடத்தில் நிற்கிற த்ரெட்டுகளைப் பாருங்கள். ஹிக்காரி பூலின் கெட்கனெக்‌ஷனில் நிற்பவை பாதிக்கப்பட்டவை, அவை நாற்பது இருந்தாலும் தள்ளுங்கள். டேட்டாபேஸ் சாக்கெட் அல்லாத வேறொரு சாக்கெட்டைப் படித்தபடி நிற்கிற பத்து த்ரெட் இருக்கும். கனெக்‌ஷன் அவற்றிடம்தான் இருக்கிறது.

விர்ச்சுவல் த்ரெட் (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்) போட்டிருந்தால் த்ரெட்.பிரிண்டில் அவை வராது. த்ரெட்.டம்ப்_டு_ஃபைல் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

4 ஜூன், இரவு 8:20 · கேட்டவர்

எடுத்தேன். ஒரு இன்ஸ்டன்ஸில் ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் 7, ஐடில் 3. டம்ப்பில் ஏழு த்ரெட் எஸ்எம்எஸ் அனுப்பும் வரியில், ரெஸ்ட்கிளையன்ட்டுக்கு உள்ளே நிற்கின்றன. அந்த மெதட்டுக்கு மேலே, மெதட் முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஓட்டும் @டிரான்சாக்‌ஷனல் இருக்கிறது: ஆர்டர் இன்சர்ட், எஸ்எம்எஸ், பிறகு 'அனுப்பியாயிற்று' என்று அப்டேட். மற்ற மூன்றும் ஆர்டர் பட்டியல் கண்ட்ரோலரில். அங்கே டிரான்சாக்‌ஷனே போடவில்லை.

4 ஜூன், இரவு 9:02 · குறிப்பு

ஏழை முதலில் பார்ப்போம்.

கணக்கு எளிது. எஸ்எம்எஸ் சேவை பதில் சொல்ல 2 விநாடி எடுத்தால் ஒரு கனெக்‌ஷன் 2 விநாடிக்கு ஒரு ஆர்டரைத்தான் முடிக்கும். பத்துக் கனெக்‌ஷன், விநாடிக்கு 5 ஆர்டர். மாலைக் கூட்டத்தில் அந்தச் சேவையும் திணறி 20 விநாடிக்குப் போனால் விநாடிக்கு அரை ஆர்டர். அதற்கு மேல் வருவதெல்லாம் வரிசையில் நின்று 30 விநாடியில் விழும். டேட்டாபேஸ் வேலை மட்டும் பார்த்தால் இரண்டு எஸ்கியூஎல்லுக்கும் சேர்த்து 30 மில்லிவிநாடி என்று வையுங்கள்: அதே பத்துக் கனெக்‌ஷன் விநாடிக்கு 300க்கு மேல் தாங்கும். பூலை 100 ஆக்கினால் பத்து மடங்குதான் கிடைக்கும். கனெக்‌ஷனைப் பிடித்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் அறுபது மடங்கு.

ரேஷன் கடையில் பில் போடும் இடத்துக்கு வந்த பிறகு கார்டை எடுத்துவரச் சொல்லி வீட்டுக்குப் போன் போடுகிறவரைப் போலத்தான் இந்த மெதட். கடையைப் பெரிதாக்க வேண்டாம், அவரை வரிசைக்கு வெளியே நிற்கவையுங்கள்.

எஸ்எம்எஸ் வரியை @டிரான்சாக்‌ஷனலுக்கு வெளியே எடுங்கள். ஆர்டர் சேமித்ததும் ஒரு ஈவெண்ட் வெளியிட்டு, @டிரான்சாக்‌ஷனல்ஈவெண்ட்லிஸனரில் ஆஃப்டர்_கமிட் கட்டத்தில் அனுப்புவது சுத்தமான வழி. டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் எஸ்எம்எஸ் போகாது என்பது கூடுதல் லாபம்.

5 ஜூன், பகல் 1:35 · கேட்டவர்

லிஸனருக்கு மாற்றினேன். ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் ஹிக்காரி இன்னும் ஆக்டிவ் 10. இப்போது பத்தும் 'ஐடில்'.

5 ஜூன், பகல் 2:10 · குறிப்பு, நேற்றையதற்குத் திருத்தம்

நேற்று நான் எழுதியது அரைகுறை.

ஆஃப்டர்_கமிட் லிஸனர் ஓடும் நேரத்தில் டேட்டாபேஸில் கமிட் முடிந்துவிடும். ஆனால் ஸ்பிரிங் இன்னும் கனெக்‌ஷனைத் திருப்பித் தந்திருக்காது. வரிசை இப்படி: கமிட், ஆஃப்டர்-கமிட் அழைப்புகள், ஆஃப்டர்-கம்ப்ளீஷன் அழைப்புகள், அதற்குப் பிறகுதான் துப்புரவும் கனெக்‌ஷன் விடுதலையும். லிஸனர் அதே த்ரெட்டில் ஓடுவதால் எஸ்எம்எஸ் முடியும்வரை கனெக்‌ஷன் கையிலேயே இருக்கும். போஸ்ட்கிரஸ் கண்ணுக்கு 'ஐடில்', ஹிக்காரி கண்ணுக்கு 'ஆக்டிவ்'. நீங்கள் பார்ப்பது அதுதான்.

லிஸனருக்கு @அசிங்க் சேர்த்தால் வேறு த்ரெட்டுக்குப் போய்விடும், கனெக்‌ஷன் உடனே திரும்பும். @எனேபிள்அசிங்க் போட மறந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அதே த்ரெட்டில் ஓடும் என்பதைக் கவனியுங்கள். அடுத்த பள்ளம்: ஸ்பிரிங் பூட் தானாகத் தரும் எக்சிக்யூட்டரில் 8 த்ரெட், வரிசைக்கு எல்லையே இல்லை. எஸ்எம்எஸ் சேவை ஒரு மணி நேரம் படுத்தால் அத்தனையும் நினைவகத்தில் குவியும். ஆப் விழுந்தால் அத்தனையும் போகும். ஸ்பிரிங்.டாஸ்க்.எக்சிக்யூஷன்.பூல்.கியூ-கப்பாசிட்டிக்கு ஒரு எண் கொடுங்கள், 500 போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஃப்டர்_கமிட்டில் அதே த்ரெட்டில் டேட்டாபேஸுக்கு எழுதினால் பெரும்பாலும் எழுதாமலே போகும்: டிரான்சாக்‌ஷன் முடிந்துவிட்டது, யார் கமிட் செய்வது? தனியாகப் புது டிரான்சாக்‌ஷன் தொடங்கச் சொல்லும் ரிக்வயர்ஸ்_நியூ போட்டால்தான் எழுதும். அப்படிப் போட்டால் முதல் கனெக்‌ஷன் கையில் இருக்க, இரண்டாவது ஒன்றும் கேட்கும். அந்த ஆபத்து பற்றித் தனியாக எழுதுகிறேன்.

5 ஜூன், மாலை 4:40 · வேறொரு வாசகர்

ஆர்டர் எஸ்எம்எஸ் தொலைந்தால் பரவாயில்லை. பணம் செலுத்தும் அழைப்பாக இருந்தால்? @அசிங்க்கை நம்ப முடியுமா?

5 ஜூன், மாலை 6:15 · குறிப்பு

நம்பக்கூடாது. அதற்கு மூன்று துண்டு.

டிரான்சாக்‌ஷன்டெம்ப்ளேட்டில் முதல் துண்டு: ஆர்டரை 'நிலுவை' என்று எழுதிக் கமிட். டிரான்சாக்‌ஷனே இல்லாமல் வெளி அழைப்பு. மறுபடி டெம்ப்ளேட்டில் 'முடிந்தது' என்று எழுதிக் கமிட். நடுவில் ஆப் விழுந்தால் 'நிலுவை' அப்படியே டேபிளில் கிடக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒன்று, 5 நிமிடத்துக்கு மேல் நிலுவையில் இருப்பதை எடுத்து மறுபடி முயலட்டும். மறுமுயற்சியில் பணம் இரண்டு முறை போகாமல் இருக்க, ஆர்டர் எண்ணிலிருந்து உருவான மாறாத ஒரு சாவியை ஒவ்வொரு அழைப்பிலும் சேர்த்து அனுப்புங்கள். எதிர்முனை அந்தச் சாவியைச் சோதிக்கிறதா என்று அவர்கள் ஆவணத்தில் உறுதி செய்த பிறகுதான் மறுமுயற்சியை இயக்க வேண்டும்.

மூன்று இன்ஸ்டன்ஸும் டேபிளின் அதே வரிசையை எடுக்காமலிருக்க, மற்றவர் பூட்டியதைத் தாண்டிப்போகும் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' போடலாம். ஆனால் பூட்டைப் பிடித்தபடியே வெளி அழைப்புக்குப் போனால் பழைய நோய் வேறு வழியில் வந்துவிடும். பூட்டி எடுத்து, 'எடுத்தாயிற்று' என்று நேரத்தோடு எழுதி, கமிட் செய்து, அதன் பிறகு அழையுங்கள்.

மூன்றாம் துண்டில் எல்லோரும் இடறும் இடம்: முதல் துண்டில் கிடைத்த என்டிட்டி (டேபிள் வரிசைக்கான ஜாவா பொருள்) இப்போது டிடாச்டு, அதாவது டேட்டாபேஸ் செஷனிலிருந்து பிரிந்தது. அதில் செட்ஸ்டேட்டஸ் கூப்பிட்டால் டேட்டாபேஸில் ஒன்றும் மாறாது, எரரும் வராது. ஐடியை வைத்து மறுபடி ஃபைண்ட்பைஐடி செய்து அதில் மாற்றுங்கள்.

6 ஜூன், காலை 9:30 · கேட்டவர்

@டிரான்சாக்‌ஷனல் போட்ட இரண்டு சின்ன மெதட்டாகப் பிரித்து, அதே கிளாஸில் டிரான்சாக்‌ஷன் இல்லாத மூன்றாவது மெதட்டிலிருந்து கூப்பிட்டேன். இப்போது இரண்டாவதில் மாற்றம் சேமிக்கப்படவே இல்லை. மறுபடி ஃபைண்ட்பைஐடி செய்துதான் மாற்றுகிறேன்.

6 ஜூன், காலை 9:48 · குறிப்பு

டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது ஸ்பிரிங் உங்கள் கிளாஸைச் சுற்றி வைக்கும் ப்ராக்சி. அதே கிளாஸுக்குள் கூப்பிட்டால் அழைப்பு அதன் வழியாகப் போகாது, @டிரான்சாக்‌ஷனல் வெறும் அலங்காரம். சின்ன மெதட்டுகளை வேறு பீனுக்கு நகர்த்துங்கள், அல்லது முன்பு சொன்ன டிரான்சாக்‌ஷன்டெம்ப்ளேட். எனக்கு டெம்ப்ளேட்டே பிடிக்கும்: டிரான்சாக்‌ஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கோடிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

நிஜமாகவே டிரான்சாக்‌ஷனில் இருக்கிறோமா என்று தெரிய டிரான்சாக்‌ஷன்சின்க்ரனைசேஷன்மேனேஜரின் இஸ்ஆக்சுவல்டிரான்சாக்‌ஷன்ஆக்டிவ் என்ன சொல்கிறது என்று ஒரு வரி லாக் போடுங்கள். ஓஆர்ஜி.ஸ்பிரிங்ஃபிரேம்வொர்க்.டிரான்சாக்‌ஷன்.இன்டர்செப்டருக்கு ட்ரேஸ் லெவல் வைத்தால் ஒவ்வொரு தொடக்கமும் முடிவும் மெதட் பெயரோடு வரும்.

6 ஜூன், காலை 9:55 · குறிப்பு

விட்டுப்போனது: @டிரான்சாக்‌ஷனல் போட்ட மெதட் செக்டு எக்செப்ஷன் எறிந்தால் ஸ்பிரிங் ரோல்பேக் செய்யாது, கமிட் செய்யும். ரன்டைம்எக்செப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே தானாக ரோல்பேக். வேண்டுமென்றால் ரோல்பேக்ஃபார் எழுதுங்கள்.

7 ஜூன், பகல் 12:20 · குறிப்பு, அந்த மூன்று 'ஐடில்' பற்றி

ஆர்டர் பட்டியல் கண்ட்ரோலரில் டிரான்சாக்‌ஷன் இல்லை, ஆனாலும் கனெக்‌ஷன் பிடிபட்டிருந்தது. ஆப் எழும்போது லாகில் மஞ்சளாக ஒரு வரி வருமே, ஓப்பன்-இன்-வியூ இயல்பாக இயங்குகிறது என்று? எல்லோரும் தாண்டிப்போகும் அந்த வரிதான் இதற்குக் காரணம்.

ஓப்பன்-இன்-வியூ ட்ரூவாக இருந்தால் ஹைபர்நேட்டின் (ஜாவா பொருள்களை டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி) செஷன் ரிக்வெஸ்ட் முடியும்வரை திறந்திருக்கும். ரிக்வெஸ்ட் தொடங்கியதுமே கனெக்‌ஷன் போய்விடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. முதல் குவெரி ஓடும்போதுதான் எடுக்கும். எடுத்ததை இடையில் விடாது: ஸ்பிரிங் ஹைபர்நேட்டுக்கு வைக்கும் முறை 'தாமதமாக எடு, எடுத்தால் பிடித்துக்கொள்' என்பது. முதல் வரியில் யூசரைத் தேடி, பிறகு 3 விநாடி வெளி அழைப்பு, பிறகு பெரிய ஜேசனை மெதுவான மொபைல் இணைப்புக்கு எழுதுவது, எல்லாம் அதே கனெக்‌ஷனைக் கையில் வைத்தபடி நடக்கும்.

ஸ்பிரிங்.ஜேபிஏ.ஓப்பன்-இன்-வியூ=ஃபால்ஸ்.

இதைப் போட்ட மறுநிமிடம் லேசிஇனிஷியலைசேஷன்எக்செப்ஷன், 'நோ செஷன்', மழைபோல் வரும். மேலே தெரிவது ஜேசன் எழுத முடியவில்லை என்ற எக்செப்ஷன். ஸ்டாக் ட்ரேஸின் கடைசி 'காஸ்டு பை'தான் உண்மையைச் சொல்லும். அங்கே எந்த என்டிட்டியின் எந்த கலெக்‌ஷன் என்று பெயரோடு இருக்கும்.

அதைச் சரிசெய்யச் செய்யக்கூடாத வேலை இரண்டு. எல்லாவற்றையும் ஈகராக்குவது (தொடர்புடைய தரவைத் தேவைப்படும்போது இல்லாமல் முன்கூட்டியே இழுப்பது): பட்டியல் பக்கம் ஒன்றுக்கு நூறு குவெரி ஓடும். எனேபிள்_லேசி_லோட்_நோ_டிரான்ஸ் இயக்குவது: ஒவ்வொரு லேசி லோடுக்கும் தற்காலிக செஷன், தனிக் கனெக்‌ஷன், நோயை இன்னும் வளர்க்கும்.

செய்ய வேண்டியது: சர்வீஸ் மெதட்டில் @டிரான்சாக்‌ஷனல் ரீட்ஒன்லி, அதற்குள்ளேயே டிடிஓவாக (தரவை மட்டும் ஏந்தும் எளிய பொருள்) மாற்றி, கண்ட்ரோலருக்கு டிடிஓ மட்டும் கொடுங்கள். தேவையான உறவை ஜாயின் ஃபெட்ச் அல்லது @என்டிட்டிகிராஃபில் கொண்டுவாருங்கள். பேஜிங்கோடு கலெக்‌ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்தால் மட்டும் உஷார்: ஹைபர்நேட் எல்லா வரிசையையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே வெட்டும். லாகில் ஹைபர்நேட் 6 என்றால் எச்எச்எச்90003004 எச்சரிக்கை வரும். பேஜிங் இருக்கும் இடத்தில் ஃபெட்ச்சை விட்டுவிட்டு டிஃபால்ட்_பேட்ச்_ஃபெட்ச்_சைஸ் 50 போல வையுங்கள்.

ஒரே நாளில் எல்லா என்ட்பாயின்ட்டையும் மாற்ற முடியாது என்றால் டெஸ்ட் சூழலில் ஃபால்ஸ், புரொடக்‌ஷனில் ட்ரூ என்று ஒரு வாரம் வைத்து, விழுவதை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்.

9 ஜூன், மாலை 5:10 · குறிப்பு, ரிக்வயர்ஸ்_நியூ

ஒரு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு கனெக்‌ஷன் கேட்டால் என்ன ஆகும்? பத்து ரிக்வெஸ்ட் ஒரே கணத்தில் வந்து ஆளுக்கு ஒன்று எடுக்கும். பத்தும் இரண்டாவதுக்குக் காத்திருக்கும். யாரும் விடமாட்டார்கள். 30 விநாடி கழித்து எல்லாம் சேர்ந்து விழும். டேட்டாபேஸில் டெட்லாக் என்று எதுவும் பதிவாகாது, ஏனென்றால் பூட்டு நடந்தது பூலில்.

இதற்குக் குறைந்தபட்ச அளவு: ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் எண்ணிக்கை × (ஒரு த்ரெட்டுக்குத் தேவையான கனெக்‌ஷன் − 1) + 1. பத்து த்ரெட், ஆளுக்கு இரண்டு என்றால் 11. டாம்கேட்டின் இயல்பான 200 த்ரெட்டும் அந்த வழியில் வந்தால் 201. ஆகவே பூலைப் பெருக்குவதைவிட ரிக்வயர்ஸ்_நியூவை எடுப்பது மலிவு. பெரும்பாலும் அது ஆடிட் லாக் எழுதத்தான் போடப்பட்டிருக்கும். வெளி டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகு எழுதினாலே போதும்.

மைஎஸ்கியூஎல் ஆட்களுக்கு மறைமுகமாகவும் இது வரும்: @ஜெனரேட்டட்வேல்யூவில் ஆட்டோ விட்டால் ஹைபர்நேட் சீக்வென்ஸுக்குப் பதில் ஒரு டேபிளை வைத்து எண் எடுக்கும், அதற்குத் தனிக் கனெக்‌ஷன் பிடிக்கும். ஐடென்டிட்டி என்று எழுதிவிடுங்கள்.

10 ஜூன், காலை 11:00 · குறிப்பு

லீக்-டிடெக்‌ஷன்-த்ரெஷோல்ட் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: இயல்பில் 0, அதாவது அணைந்திருக்கும். 2000 மில்லிவிநாடிக்குக் கீழே கொடுத்தால் ஏற்காது. 10000 வையுங்கள். பத்து விநாடிக்கு மேல் திரும்பாத கனெக்‌ஷனை எந்த வரியில் எடுத்தார்கள் என்று ஸ்டாக் ட்ரேஸோடு சொல்லும். அது கனெக்‌ஷனை மூடாது, புகார் மட்டும்தான். பின்னால் 'அன்லீக்டு' என்று ஒரு வரி வந்தால் கசிவு இல்லை, தாமதம்.

11 ஜூன், இரவு 7:30 · வேறொரு வாசகர்

விர்ச்சுவல் த்ரெட் இயக்கினால் இதெல்லாம் தேவையே இல்லையே? கேள்வி கேட்டவர் ஜாவா 21 வைத்திருக்கிறார்.

11 ஜூன், இரவு 8:05 · குறிப்பு

இந்தச் சிக்கலை அது கூட்டும். 200 த்ரெட் என்ற வாசல் இருந்ததால் பூலுக்கு வெளியே அதிகபட்சம் 190 பேர் நின்றார்கள். விர்ச்சுவல் த்ரெட்டில் அந்த வாசல் இல்லை. டாம்கேட்டின் மேக்ஸ்-கனெக்‌ஷன்ஸ் 8192 வரை உள்ளே வந்து அதே பத்துக் கனெக்‌ஷனுக்கு நிற்கலாம். ஜாவா 21இல் சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருந்தால் அடியிலுள்ள நிஜ த்ரெட்டும் மாட்டிக்கொள்ளும்; ஜாவா 24இல்தான் அது தீர்ந்தது. கனெக்‌ஷன் பிடிக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டுப் போடுங்கள், அப்போது நன்மை உண்டு.

12 ஜூன், காலை 10:25 · குறிப்பு, டைம்அவுட்

நான்கு எண்களைச் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெளி அழைப்பு: கனெக்ட் 2 விநாடி, ரீட் 5 விநாடி. சொல்லாவிட்டால் ரீட் டைம்அவுட் இல்லை, எதிர்முனை பேசாமல் இருந்தால் நீங்களும் காலவரையின்றி நிற்பீர்கள். பூட் 3.4இல் ஸ்பிரிங்.எச்டிடிபி.கிளையன்ட்.ரீட்-டைம்அவுட் என்ற அமைப்பே வந்துவிட்டது. ஆனால் அது ஸ்பிரிங் தரும் பில்டரை இன்ஜெக்ட் செய்து உருவாக்கிய கிளையன்ட்டுக்கு மட்டும். ரெஸ்ட்கிளையன்ட்.கிரியேட் என்று நீங்களே உருவாக்கினால் இது ஒட்டாது.

ஹிக்காரி கனெக்‌ஷன்-டைம்அவுட்: 30 விநாடியை 3 அல்லது 5 ஆக்குங்கள். 30 விநாடி கழித்து வரும் பதிலுக்கு எந்த வாடிக்கையாளரும் காத்திருப்பதில்லை, அதற்குள் நான்கு முறை ரிஃப்ரெஷ் அழுத்தி நான்கு ரிக்வெஸ்ட்டைச் சேர்த்திருப்பார்.

மேக்ஸ்-லைஃப்டைம்: இயல்பு 30 நிமிடம். நடுவில் ஃபயர்வாலோ டேட்டாபேஸோ அதற்கு முன்பே வெட்டினால், அந்த எல்லையைவிடச் சில விநாடி குறைவாக வையுங்கள்.

போஸ்ட்கிரஸில் ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்: இயல்பு 0. 60 விநாடி வைத்தால் மறந்துபோன டிரான்சாக்‌ஷனை டேட்டாபேஸே வெட்டிவிடும். மேலே உள்ளவற்றைச் செய்த பிறகு வைக்கவும். முன்பே வைத்தால் ஆர்டர் பாதியில் அறுபடும்.

13 ஜூன், பகல் 3:15 · கேட்டவர்

ஒரு சந்தேகம். தொங்கும்போதெல்லாம் குபர்நெட்டிஸில் ஆப் ஓடும் பாடும் (ஒரு இன்ஸ்டன்ஸுக்கு ஒன்று) தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக.

13 ஜூன், பகல் 3:40 · குறிப்பு

ஆப் உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டிஸ் சோதிக்கும் லைவ்னஸ் ப்ரோபில் ஆக்சுவேட்டர்/ஹெல்த் கொடுத்திருப்பீர்கள். அதில் டேட்டாபேஸ் சோதனையும் சேர்ந்தது. அதற்கும் பூலிலிருந்தே ஒரு கனெக்‌ஷன் வேண்டும், அதுவும் வரிசையில் நிற்கும். ப்ரோபின் இயல்பான டைம்அவுட் 1 விநாடி, 10 விநாடிக்கு ஒருமுறை, மூன்று முறை தவறினால் ரீஸ்டார்ட். அரை நிமிடத்தில் பாட் போய்விடும், அதன் கூட்டம் அடுத்த இரண்டின் மேல் விழும். ஆக்சுவேட்டர்/ஹெல்த்/லைவ்னஸ் என்று மாற்றுங்கள், அதில் டேட்டாபேஸ் சோதனை இல்லை. இப்படி மாற்றினால்தான் உங்களுக்குத் த்ரெட் டம்ப் எடுக்க நேரமும் கிடைக்கும்.

16 ஜூன், மாலை 6:50 · வேறொரு வாசகர்

இழைக்கு வெளியே போகிறேன், மன்னிக்கவும். அப்ளிகேஷன்.பிராபர்ட்டீஸில் எஸ்எம்எஸ் வாசகத்தைத் தமிழில் எழுதினேன். குப்பையாகப் போகிறது. யாமலில் போட்டால் சரியாக வருகிறது.

16 ஜூன், இரவு 9:20 · குறிப்பு

குப்பை எப்படித் தெரிகிறது என்பதே நோயைச் சொல்லும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏவும் வட்டத்துக்குள் ஆரும் மாறிமாறி வந்தால் எழுத்து அழியவில்லை. யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1 என்று படித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட், முதலாவது எப்போதும் இ0, அடுத்தது ஏஇ அல்லது ஏஎஃப். லத்தீன்-1இல் அவை அந்தக் குறிகள். உங்களுடையது இதுதான்: ஸ்பிரிங் பூட் 3 அப்ளிகேஷன்.பிராபர்ட்டீஸை லத்தீன்-1 ஆகப் படிக்கிறது, யாமலை யூடிஎஃப்-8 ஆக. யாமலுக்கு மாறுங்கள், அல்லது வாசகங்களை மெசேஜஸ்.பிராபர்ட்டீஸுக்கு நகர்த்துங்கள், அதற்கு ஸ்பிரிங்.மெசேஜஸ்.என்கோடிங் இயல்பிலேயே யூடிஎஃப்-8.

வெறும் கேள்விக்குறி வந்தால் தமிழைத் தாங்காத என்கோடிங்கில் எங்கோ எழுதிவிட்டார்கள். போனது போனதுதான்.

இதோடு சேர்ந்த ஒன்று, தேடல். 'கொ' என்பதை க + ொ என்று இரண்டு குறியீடாகவும், க + ெ + ா என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, ஈக்குவல்ஸுக்கு வேறு. 'கொடி' என்று தேடினால் பாதி வரிசை வராததற்கு இதுவே காரணம். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஜாவாவின் நார்மலைசரில் என்எஃப்சிக்கு (யூனிகோடின் ஒரே சீரான வடிவம்) மாற்றுங்கள். கௌ எழுத 'கெ'க்குப் பக்கத்தில் 'ள' அடித்தவர்களை என்எஃப்சி காப்பாற்றாது. அது வேறு எழுத்து, கையால் திருத்த வேண்டியதுதான்.

24 ஜூன், காலை 10:05 · கேட்டவர்

மூன்று துண்டாகப் பிரித்தேன், ஓப்பன்-இன்-வியூ ஃபால்ஸ், லைவ்னஸ் மாற்றம், ரீட் டைம்அவுட் 5 விநாடி. பூல் 10லேயே இருக்கிறது. ஒரு வாரமாக மாலையில் ஹிக்காரிசிபி.கனெக்‌ஷன்ஸ்.ஆக்டிவ் 4ஐத் தாண்டவில்லை, பெண்டிங் (கனெக்‌ஷனுக்குக் காத்திருப்பவை) 0. ஒன்று மட்டும் மிச்சம்: இரவு ரிப்போர்ட் ஓடும்போது மட்டும் பெண்டிங் ஏறுகிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் 40 விநாடி, ஐந்தாறு ஒன்றாக ஓடும்.

24 ஜூன், காலை 11:30 · குறிப்பு

ரிப்போர்ட் நிஜமாகவே டேட்டாபேஸ் வேலை செய்கிறது, அதைச் சுருக்க முடியாது. தனிப் பூல் கொடுங்கள், அளவு 2. மற்ற ரிப்போர்ட்டுகள் அங்கேயே வரிசையில் நிற்கட்டும், ஆர்டர் பக்கம் வரவேண்டாம். அந்தப் பூலுக்குக் கனெக்‌ஷன்-டைம்அவுட்டைப் பல நிமிடமாகக் கூட்டலாம், திரைமுன் யாரும் காத்திருக்கவில்லை. ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவையில் டேட்டாபேஸிலிருந்து இழுக்கும் வரிசைகளின் எண்ணிக்கை) 500 போல வையுங்கள். ஆட்டோகமிட் அணைந்திருந்தால்தான், அதாவது டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தால்தான், போஸ்ட்கிரஸ் டிரைவர் அதை மதிக்கும். இல்லாவிட்டால் முழு முடிவையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்கு இழுக்கும்.

இரண்டாவது டேட்டாசோர்ஸ் சேர்க்கும்போது இரண்டு அடி விழும். நீங்களே ஒரு டேட்டாசோர்ஸ் பீன் எழுதியதும் ஸ்பிரிங் பூட் முதலாவதைத் தானாக உருவாக்குவதை நிறுத்திவிடும். 3.4இல் உங்கள் பீனுக்கு டிஃபால்ட்கேண்டிடேட்=ஃபால்ஸும் ஒரு @குவாலிஃபையரும் போட்டால் முதலாவது பழையபடி இருக்கும். அடுத்து, நேரடியாக ஹிக்காரிடேட்டாசோர்ஸில் அமைப்புகளைக் கட்டினால் 'ஜேடிபிசியூஆர்எல் இஸ் ரிக்வயர்டு' என்று விழும்: அங்கே சாவியின் பெயர் யூஆர்எல் இல்லை, ஜேடிபிசி-யூஆர்எல்.

24 ஜூன், பகல் 12:10 · குறிப்பு

மூன்று இன்ஸ்டன்ஸ், ஆளுக்கு 10 + 2. மொத்தம் 36. போஸ்ட்கிரஸின் 97க்குள் மைக்ரேஷன் ஓடவும் நீங்கள் கையால் நுழைந்து பார்க்கவும் இடம் தாராளமாக இருக்கிறது. புது இன்ஸ்டன்ஸ் சேர்க்கும்போதெல்லாம் இந்தக் கூட்டலை மறுபடி போடுங்கள். ரோலிங் டிப்ளாய் நடக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும், அந்தச் சில நிமிடத்துக்கு 48ஆகவோ 72ஆகவோ இருக்கும்.